இரண்டு ஃபைல்களுடன் சின்னக்கானல் வரை

இந்த வலைப்பூவில் இதுவரை நான் எழுதியதெல்லாம் அருவி, அணை, தர்கா, நல்ல பரோட்டா கிடைக்கும் கடை. பாலக்காட்டில் பாத்திரக் கடை வைத்திருக்கும் எனக்கு மாதத்தில் ஒரு ஞாயிறு ஊர் சுற்றக் கிடைப்பதே பெரும்பாடு. இந்த முறை சுற்றிப் பார்க்கப் போகவில்லை. வீட்டை விட்டுப் போய்விட்ட என் தம்பி காஜாவைப் பார்க்கப் போனேன். போன ஜனவரி இரண்டாம் வாரம், செவ்வாய் காலை புறப்பட்டு வியாழன் மாலை திரும்பினேன்.

காரணம் ஒரு போன். சின்னக்கானல் பக்கம் ஓர் அரசு ஆரோக்கிய நிலையத்துக்கு மாதம் ஒரு நாள் மனநல டாக்டர் வந்து பார்க்கிறார். அங்கிருந்து ஷைனி என்ற நர்ஸ் பேசினார். மலையாளத்தில் ஆரம்பித்து, என் தமிழைக் கேட்டதும் பாதித் தமிழுக்கு மாறினார். "காஜாவுக்கு மனசுக்கு அசுகமும் உண்டு, குடியும் உண்டு. ரெண்டையும் சேத்துத்தான் இங்க பாக்கறோம். பழைய ரெகார்ட் எல்லாம் வேணும். வீட்டிலருந்து ஒரு ஆள் நேர்ல வந்து ஒண்ணும் மறைக்காம பறயணும்" என்றார். ஒன்றும் மறைக்காமல் என்பதை அவர் இரண்டு தடவை சொன்னதை அப்போது நான் கவனிக்கவில்லை. நோன்பு பிறப்பதற்குள் அவனைக் கையோடு வீட்டுக்குக் கூட்டி வந்துவிட வேண்டும் என்பதுதான் என் கணக்காக இருந்தது. திரும்பி வர இரண்டு பேருக்கு எந்த பஸ் தோது என்றுகூடக் குறித்து வைத்துக்கொண்டேன்.

காஜாவுக்கு நாற்பத்தொரு வயது, என்னைவிடப் பதினோரு வயது இளையவன், கல்யாணம் ஆகவில்லை. இருபத்தேழு வயதில் அவனுக்கு ஆரம்பித்தது. சில மாதம் தூக்கமே இல்லாமல் பேசுவான், கடையை ஏழாக்குவேன், எட்டாக்குவேன் என்பான். சில மாதம் பாயை விட்டு எழுந்திருக்க மாட்டான். குடி எப்போது ஆரம்பித்தது, நோய்க்கு முன்னாலா பின்னாலா என்று கேட்டால் ஒரே வீட்டில் இருந்த எனக்கே தெரியாது. தெரிந்துகொள்ள நான் முயலவில்லை என்பதுதான் உண்மை.

எங்களைப் பற்றிக் கொஞ்சம் சொன்னால்தான் மற்றது புரியும். பல தலைமுறையாகப் பாலக்காட்டில் இருக்கும் தமிழ் முஸ்லிம் குடும்பம். வீட்டில் தமிழ், கடையில் மலையாளம். நான் பள்ளிவாசல் கமிட்டியில் பொருளாளர். தம்பிக்கு மனசு சரியில்லை என்று எங்கள் தெருவில் சொல்லலாம். அவனுக்காக இறைவனிடம் துஆ கேட்பார்கள், ஓதிய தண்ணீர் கொண்டுவந்து தருவார்கள். தம்பி குடிக்கிறான் என்று சொல்ல முடியாது. ஆகவே எங்கள் வீட்டில் அந்தச் சொல்லே இருக்கவில்லை. "இன்னைக்கு அவனுக்கு முடியல" என்றால் குடித்துவிட்டு வந்திருக்கிறான் என்று அர்த்தம்.

சரி, பயணம். பாலக்காட்டிலிருந்து காலை 5.40க்குப் பொள்ளாச்சி பஸ். சித்தூர், கொழிஞ்சாம்பாறை வழி, 45 கிலோமீட்டர், ஒன்றரை மணி நேரம். கொல்லங்கோடு வழியாகவும் போகலாம், அந்த வழியில் மலை அழகாகத் தெரியும். ஆனால் நேரம் கூட. கொழிஞ்சாம்பாறையில் பக்கத்தில் வந்து உட்கார்ந்தவர் பொள்ளாச்சிச் சந்தைக்குத் தேங்காய் விலை விசாரிக்கப் போகிறவர். என் மடியிலிருந்த பையில் ஆஸ்பத்திரி ஃபைல் எட்டிப் பார்த்ததைக் கவனித்தார்.

"ஏனுங்க, ஆசுபத்திரிக்குங்களா?"

"ஆமாங்க. மூணாறு தாண்டிப் போகணும்."

"அட, ஊரே கோயமுத்தூருக்கு வைத்தியத்துக்கு ஓடுது, நீங்க மலையேறிப் போறீங்களே!" என்று சிரித்தார். நானும் சிரித்து வைத்தேன். கோயம்புத்தூருக்கு ஓடின கதைதான் என் மடியில் இருந்தது.

கோபாலபுரம் செக்போஸ்ட்டைத் தாண்டும்போது பைக்குள் இருந்த இரண்டு ஃபைல்களையும் தொட்டுப் பார்த்துக்கொண்டேன். ஒன்று பாலக்காட்டில் மனநல டாக்டரிடம் பார்த்த சீட்டுகள். அதில் குடி என்ற சொல் ஓரிடத்தில்கூடக் கிடையாது. நான் சொல்லவில்லை, அதனால் அவர் எழுதவில்லை. இன்னொன்று வாளையார் தாண்டி, கோயம்புத்தூரில் குடியை விடவைக்கும் ஒரு மறுவாழ்வு இல்லத்தில் இருபத்தெட்டு நாள் வைத்திருந்தபோது தந்தது. அதில் மனநோய் என்ற சொல் கிடையாது. மாத்திரை சாப்பிடுகிறவர்களைச் சேர்க்க மாட்டார்கள் என்று எவரோ சொன்னதை நம்பி அங்கே அதை மறைத்தேன். எல்லை பக்கத்தில் இருப்பது எங்களைப் போன்றவர்களுக்கு எவ்வளவு வசதி பாருங்கள். ஒரே ஆளின் நோயை இரண்டாக வெட்டி, ஒன்றைக் கேரளத்திலும் ஒன்றைத் தமிழ்நாட்டிலும் வைத்தேன். ஒரு டாக்டருக்கு இன்னொரு டாக்டர் இருப்பதே தெரியாது.

அந்த இல்லத்தில் பன்னிரண்டாம் நாள் எனக்குப் போன் செய்தார்கள். ஆள் தூங்குவதே இல்லை, இடைவிடாமல் பேசுகிறார், முன்னால் ஏதாவது மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருந்தாரா என்று கேட்டார்கள். கடையில் கூட்டம். எதிரே நின்றவர் எங்கள் பள்ளிவாசல் ஜமாஅத்தின் தலைவர், மகள் கல்யாணத்துக்கு அண்டா பார்க்க வந்திருந்தார். "ஒண்ணும் கிடையாதுங்க, அவனுக்குப் பேச்சு எப்பவுமே ஜாஸ்தி" என்று சொல்லி வைத்துவிட்டேன். அந்த ஒரு நிமிடத்தில் உண்மையைச் சொல்லியிருந்தால் என்று நான் நினைக்காத நாளில்லை.

பொள்ளாச்சி 7.10. டீ குடித்துவிட்டு 7.30க்கு உடுமலை பஸ், 30 கிலோமீட்டர், ஐம்பது நிமிடம். உடுமலையிலிருந்து மூணாறுக்கு நாள் முழுக்கச் சில பஸ்கள்தான். நான் பிடித்தது 8.45. ஒன்றை விட்டால் அரை நாள் போச்சு, எனவே பொள்ளாச்சியில் இட்லிக்கு ஆசைப்படாதீர்கள். 85 கிலோமீட்டர், மூன்றரை மணி நேரம், அன்று டிக்கெட் நூற்றுச் சொச்சம். இடது பக்கம் உட்காருங்கள், அமராவதி அணை தெரியும். ஒன்பதாறு என்கிற வனத்துறை செக்போஸ்ட் தாண்டினால் காடு. இரண்டு மான், ஒரு மயில், நிறையக் குரங்கு. ஆனை பார்க்கலாம் என்று இருந்த குடும்பம் ஒன்று சின்னாறு வரை ஜன்னலை விட்டுக் கண்ணெடுக்கவில்லை, பாவம்.

சின்னாறில் பையைத் திறந்து பார்த்தார்கள். வழக்கமான சோதனைதான், பிளாஸ்டிக்கும் பாட்டிலும் தேடுவது. சீருடையில் இருந்தவர் ஃபைலைத் தூக்கிப் பார்த்து, "யாருக்கு அசுகம்?" என்று சாதாரணமாகக் கேட்டார். "தெரிஞ்ச ஒருத்தருக்கு" என்றேன். அந்தக் காட்டுக்குள், என்னை இனி ஒரு தடவைகூடப் பார்க்கப் போகாத மனிதரிடம், தம்பி என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பஸ் மறையூர் போய்ச் சேரும் வரை அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். மறையூரில் கால் மணி நேரம் நிற்கும். வெல்லம் காய்ச்சும் வாசனை ரோடு வரை வந்தது. வழக்கமாக வாங்கும் இரண்டு கிலோவை வாங்கத் தோன்றவில்லை.

மூணாறு 12.15. சாப்பிட்டுவிட்டு சின்னக்கானலுக்கு ஷேர் ஜீப். 22 கிலோமீட்டர், முக்கால் மணி நேரம். பஸ்ஸும் உண்டு, ஒன்றரை மணிக்கு என்று போட்டிருப்பார்கள், வரும்போது வரும். தேவிகுளம் தாண்டி மலையைக் குடைந்து போட்ட அகல ரோடு, பள்ளத்தில் தேயிலை. ஜனவரியில் வெயிலும் குளிரும் ஒரே நேரத்தில் அடிக்கும், ஸ்வெட்டர் அவசியம். டிரைவர் முருகேசன், எஸ்டேட்டில் பிறந்து வளர்ந்தவர்.

"அண்ணாச்சி எங்க இறங்கணும்?"

"ராணி டீக்கடைன்னு சொன்னாங்க. அங்க காஜான்னு ஒருத்தர்..."

"பரோட்டா காஜாண்ணனா? நீங்க அவருக்கு என்ன வேணும்?"

இந்த முறை அண்ணன் என்று சொன்னேன். முருகேசன் என்னைத் திரும்பி ஒரு பார்வை பார்த்தார். வளைவில் டிரைவர் திரும்பிப் பார்ப்பது எனக்குப் பிடிக்காத காரியம்.

"நல்ல மனுசன் அண்ணாச்சி. காலையில மொத டிரிப்பு எடுக்கையில, மாத்திரை போட்டாச்சாண்ணேன்னு ஒரு கொரல் குடுத்துட்டுத்தான் போவேன். எல்லாருமே கேப்பாக."

ஜீப்பில் இருந்த ஏழு பேர் முன்னால் அவர் சத்தமாக இதைச் சொன்னார். எனக்குக் காது சூடேறியது. தம்பி மாத்திரை சாப்பிடுவது ஒரு மலைக்கே தெரிந்திருக்கிறதே என்று முதலில் வந்தது அவமானம்தான். அதையும் இங்கே எழுதிவிடுகிறேன்.

ராணியக்காவின் கடை ரோட்டோரத் தகரக் கொட்டகை, நான்கு பெஞ்சு. அவர் எஸ்டேட்டில் கொழுந்து கிள்ளி ஓய்வு பெற்றவர், அறுபது இருக்கும். காஜா கல்லுக்கு முன்னால் நின்று மாவு வீசிக்கொண்டிருந்தான். கொஞ்சம் பூசினாற்போல் இருந்தான், முடி பாதி நரைத்திருந்தது. இரண்டு வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது பார்த்து. "வாங்கண்ணே" என்றான், வாடிக்கையாளரைக் கூப்பிடுகிற மாதிரி. பிறகு கையைத் துடைத்துக்கொண்டு வந்து ஸலாம் சொன்னான். நான் கட்டிப்பிடிக்க நினைத்தேன். அவன் என் பையை வாங்கிக்கொண்டு உள்ளே போய்விட்டான்.

அவன் ஊரை விட்டுப் போனது எப்படி என்று சொல்லிவிடுகிறேன். கோயம்புத்தூரிலிருந்து திரும்பிய நான்காம் நாள், மதிய நேரம், நான் சாப்பிடப் போயிருந்தபோது, கடை வாசலில் நின்று ரோட்டில் போனவர்களுக்கெல்லாம் குக்கர்களை எடுத்து இலவசமாகக் கொடுத்திருக்கிறான். நான் வந்து பார்த்தபோது ஒரு கிழவர் கையில் இரண்டு குக்கர். ஒரு மாதமாக மாத்திரை நின்றுபோன நோய் அது. எனக்கு அது திமிராகத் தெரிந்தது. அத்தனை பேர் முன்னால் அவனை அறைந்தேன். மறுநாள் காலை அவன் வீட்டில் இல்லை. பொள்ளாச்சி, உடுமலை என்று ஹோட்டல் ஹோட்டலாக வேலை பார்த்து, காய்கறி லாரி ஒன்றில் ஏறி இங்கே வந்து சேர்ந்திருக்கிறான்.

சாயங்காலம் கூட்டம் குறைந்ததும் ராணியக்கா எதிரே வந்து உட்கார்ந்தார். டீத்தூள் டப்பாவுக்குப் பக்கத்தில் ஒரு எவர்சில்வர் சம்படம், அதில்தான் அவன் மாத்திரை. வருகிறவர் போகிறவர் கண்ணில் படும் இடத்தில்.

"காலையில மொத டீ இவருக்குத்தான், மாத்திரையோட. இவரு முழுங்குனப்புறந்தான் கடையில யாவாரம். அஞ்சரைக்கே வந்து நிக்கிற ஆளுகளும் காத்துக்கிட்டுத்தான் இருக்கணும். அதனால அவுகளே இவரை வெரசாப் போடுங்கன்னு சத்தம் போடுவாக."

"குடி?" என்று கேட்டேன். குரல் தானாகத் தணிந்தது.

"அதை ஏன் குசுகுசுன்னு கேக்கிய? நடுவுல ஒருக்கா குடிச்சாரு. நாலு நாளு. இவரே வந்து, அக்கா குடிச்சிட்டேன், சிஸ்டருக்குப் போன் போடுங்கன்னு சொன்னாரு. சிஸ்டர் வந்து கூட்டிட்டுப் போயி டாக்டரம்மாகிட்ட காட்டுனாக. அப்புறம் இல்ல. பதினஞ்சு மாசமாச்சு."

பாலக்காட்டில் இருந்த பன்னிரண்டு வருடத்தில் அவன் என்னிடம் ஒரு தடவைகூடக் குடித்துவிட்டேன் என்று சொன்னதில்லை. சொல்லும்படி நான் வைத்திருக்கவில்லை.

கடைக்கு எதிரே ஒரு ஹோம்ஸ்டேயில் தங்கினேன், அறுநூறு ரூபாய், வெந்நீர் உண்டு. இருட்டிய பிறகு வெளியே நடமாட வேண்டாம் என்று சொன்னார்கள். ஆனை நடமாட்டம் உள்ள இடம், அதைக் கேட்டு நடப்பது நல்லது.

புதன் காலை பத்து மணிக்கு ஆரோக்கிய நிலையம். வராந்தாவில் முப்பது பேருக்கு மேல். எஸ்டேட் ஆட்கள், ஏலக்காட்டு ஆட்கள், கண்ணுக்குப் பழகாத வடக்கத்தி முகங்கள் சில. இங்கே குடிக்கு ஒரு வரிசை, மனசுக்கு ஒரு வரிசை என்று கிடையாது. ஒரே வரிசை, ஒரே சீட்டு, ஒரே டாக்டர். ஷைனி சிஸ்டர் மாதத்தில் மற்ற நாட்களில் வீடு வீடாகப் போய் மாத்திரை எண்ணிப் பார்ப்பாராம். பதினொன்றே முக்காலுக்கு எங்களைக் கூப்பிட்டார்கள். டாக்டர் இளம் பெண், என் மகள் வயது. இரண்டு ஃபைல்களையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் விரித்து, தேதி பார்த்துப் பார்த்து மாற்றி மாற்றிப் படித்தார். அந்தத் தாள்கள் ஒன்றாக ஒரு மேசையில் இருந்தது அன்றுதான் முதல் தடவை.

"பாலக்காட்டு டாக்டர் மூணு தடவை டோஸ் கூட்டியிருக்கார். மாத்திரை ஒழுங்கா சாப்பிட்டாரா?" என்று கேட்டார்.

வழக்கமான பதில் நாக்கு நுனி வரை வந்தது. காஜா ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தான். ஷைனி சிஸ்டர் பேனாவுடன் காத்திருந்தார்.

"இல்ல டாக்டர். குடிச்ச நாள்ல மாத்திரை தரமாட்டோம். ரெண்டும் சேந்தா உயிருக்கு ஆபத்துன்னு நாங்களே முடிவு பண்ணிக்கிட்டோம். வாரத்துல நாலு நாள் அப்படிப் போயிரும்."

"அதை அந்த டாக்டர்கிட்ட சொன்னீங்களா?"

"குடிக்கறதையே சொல்லல."

அவர் திட்டுவார் என்று நினைத்தேன். திட்டவில்லை, எழுதிக்கொண்டார். குடித்த நாளில் மாத்திரையை என்ன செய்வது என்பது மருந்துக்கு மருந்து மாறும், அதை டாக்டரிடம் கேட்டுத்தான் செய்ய வேண்டும், நீங்கள் கேட்டிருந்தால் அவர் சொல்லியிருப்பார் என்றார். மாத்திரை வேலை செய்யவில்லை என்று நினைத்து அவர் டோஸைக் கூட்டிக்கொண்டே போயிருக்கிறார். அடுத்து, "ஃபிட்ஸ் எப்பவாவது வந்திருக்கா?" என்று கேட்டார்.

காஜா ஜன்னலை விட்டுத் திரும்பி என்னைப் பார்த்தான். வந்திருக்கிறது. ஆறு வருடத்துக்கு முன், நோன்பு இரண்டாம் நாள், பள்ளிவாசலில் நோன்பு திறக்கக் கஞ்சிக் கோப்பையோடு உட்கார்ந்திருந்தவன் அப்படியே சாய்ந்தான், கைகால் வெட்டி இழுத்தது. பசி மயக்கம், சர்க்கரை இறங்கிவிட்டது என்று நான்தான் எல்லோருக்கும் சொன்னேன்.

இதில் இன்னொன்றும் உண்டு. ஒவ்வொரு வருடமும் நோன்பு முப்பது நாளும் காஜா ஒரு சொட்டுக் குடிக்க மாட்டான். முதல் நாலைந்து நாள் கை நடுங்கும், வேர்த்துக் கொட்டும், சுவரில் என்னென்னவோ தெரிகிறது என்பான். அதைத் தாண்டிப் பெருநாள் வரை இருந்துவிடுவான். அதை வைத்து நான் ஒரு முடிவுக்கு வந்திருந்தேன். அல்லாஹ்வுக்குப் பயந்து முப்பது நாள் விட முடிகிறவனுக்கு மற்ற பதினொரு மாதம் விட முடியாதா? இது நோயில்லை, கொழுப்பு. பெருநாள் முடிந்து அவன் திரும்பக் குடித்த ஒவ்வொரு வருடமும் இதை அவன் முகத்துக்கு நேரே சொன்னேன்.

டாக்டரிடம் இதையும் சொன்னேன். அவர் பேனாவைக் கீழே வைத்தார். நன்றாகக் குடிப்பவர் திடீரென்று ஒரே நாளில் நிறுத்தினால் ஃபிட்ஸ் வரும், உயிரே போகலாம், அதை ஆஸ்பத்திரியில் மருந்து கொடுத்துத்தான் நிறுத்துவது என்றார். "இவர் வருஷா வருஷம் எந்த உதவியும் இல்லாம அதைச் செஞ்சிருக்கார். எவ்வளவு கஷ்டப்பட்டிருப்பார்னு உங்களுக்குத் தெரியுமா?" என்று கேட்டார். கொழுப்பு என்று நான் சொன்னதெல்லாம் அவன் உயிரைப் பணயம் வைத்துப் பிடித்த நோன்பு. எனக்கு அழுகை வந்தது. அழுதேன். ஐம்பத்திரண்டு வயதில், கூட்டமாக ஆட்கள் நிற்கும் ஆஸ்பத்திரியில்.

டாக்டர் ஒரு மாத்திரையை மாற்றினார், ஈரலுக்கும் ரத்தத்துக்கும் பரிசோதனை எழுதினார். இந்த வருடம் நோன்பு வைப்பது பற்றி அடுத்த மாதம் பார்த்துச் சொல்கிறேன் என்றார். மொத்தம் முப்பத்தைந்து நிமிடம். பதினான்கு வருடத்தில் நான் உண்மை பேசிய நேரம் அவ்வளவுதான்.

வெளியே வந்து ரோட்டோரமாக நடந்தோம். ஆரோக்கிய நிலையத்திலிருந்து கடை இரண்டு கிலோமீட்டர். பாதி தூரத்தில் நான் கேட்டேன், "வீட்டுக்கு வந்துர்றா. நோன்புக்கு முன்னாடி. டாக்டர் அங்கயும் இருக்காங்க, இப்ப எல்லாத்தையும் சொல்லிரலாம்."

"வரலண்ணே."

"அடிச்சதுக்கா?"

"அதுக்கில்ல. அதை மறந்துட்டேன்."

இதற்குமேல் அவன் சொன்னதை எழுதாமல் தாண்டிவிடலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். அவனே எழுதச் சொன்னதால் எழுதுகிறேன். போன ஆகஸ்டில் அம்மா இறந்துபோனார். ஒரு வெள்ளிக்கிழமை. காஜா வாராவாரம் வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிந்ததும் அம்மாவின் போனுக்குக் கூப்பிடுவான். அன்றைக்கும் கூப்பிட்டான். நான்தான் எடுத்தேன். வீடு நிறைய ஜமாஅத்து ஆட்கள். அம்மாவைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தார்கள். இவன் குடித்துவிட்டு மய்யித்து வீட்டுக்கு வந்து நின்றால் என்ன செய்வது என்ற ஒரே நினைப்பு. "அம்மா தூங்குதுடா, அப்புறம் கூப்பிடு" என்று சொல்லி வைத்துவிட்டேன். மூன்றாம் நாள்தான் உண்மையைச் சொன்னேன்.

"அன்னைக்கு நான் குடிக்காம பத்து மாசம் ஆகியிருந்துச்சு" என்றான் காஜா. கோபமே இல்லை. கணக்குச் சொல்வது போலச் சொன்னான். "சொல்லியிருந்தா எட்டு மணி நேரத்துல வந்திருப்பேன். அம்மா முகத்தைப் பாத்திருப்பேன். உங்களுக்கு நான் குடிகாரன்னு தெரியும்ணே, ஆனா தெரியாத மாதிரியே இருந்துட்டீங்க. அதனால நான் விட்டதும் உங்களுக்குத் தெரியாமப் போச்சு. இங்க எல்லாருக்கும் ரெண்டும் தெரியும். இங்க இருந்தாத்தான் நான் உயிரோட இருப்பேன்."

நான் என்ன செய்ய வேண்டும் என்று கேட்டேன். "எனக்கு என்னன்னு நம்ம ஊர்ல சொல்லுங்க. ரெண்டையும் சொல்லுங்க. நீங்கதான் ஊர் ஊரா எழுதுவீங்களே, அதுலயும் எழுதுங்க. அப்புறம் பாக்கலாம்" என்றான்.

வியாழன் காலை 7.15 பஸ்ஸில் நான் மட்டும் ஏறினேன். டிரைவர் சீட்டுக்குப் பின்னால் இரண்டு பேர் சீட்டு காலியாக இருந்தது. பையை அதில் வைத்துக்கொண்டேன். மூணாறு, உடுமலை, பொள்ளாச்சி என்று அதே வழியில் மாலை 3.50க்குப் பாலக்காடு.

இந்த வழியில் போக நினைப்பவர்களுக்குச் சில வார்த்தை. மொத்தம் 182 கிலோமீட்டர், மூன்று மாற்றம், ஏழரை முதல் எட்டரை மணி நேரம். மழைக்காலத்தில் மலை ரோடு அடைபடும், விசாரித்துவிட்டுக் கிளம்புங்கள். ஆனால் இதற்காக நீங்கள் மலையேறவே தேவையிருக்காது. குடியையும் மனசையும் சேர்த்துப் பார்க்கும் டாக்டர் உங்கள் மாவட்ட ஆஸ்பத்திரியிலேயே இருக்கக்கூடும். முதலில் அங்கே போய், இரண்டும் உண்டு என்று வாய்விட்டுச் சொல்லிக் கேளுங்கள். எந்த ஊரில் பார்த்த சீட்டாக இருந்தாலும் எல்லாவற்றையும் ஒரே பையில் கொண்டுபோங்கள். எந்த மாத்திரை எத்தனை நாள் விட்டுப்போனது என்பதை எழுதிக்கொண்டு போங்கள், டாக்டர் முன்னால் எல்லாம் மறந்துவிடும். குடியைத் திடீரென்று நிறுத்தச் சொல்லி ஒருவரிடமும் சத்தியம் வாங்காதீர்கள். நோன்பு என்றாலும், மலைக்கு மாலை போடுவது என்றாலும், டாக்டரிடம் கேட்டுவிட்டுச் செய்யுங்கள்.

ஊருக்கு வந்த முதல் வெள்ளிக்கிழமை எனக்குச் சொல்லத் துணிவில்லை. இரண்டாம் வெள்ளி, ஜும்ஆ முடிந்து கமிட்டி அறையில் ஆறு பேர் இருந்தபோது சொன்னேன். காஜாவுக்கு மனநோய் உண்டு, குடியும் உண்டு, இரண்டுக்கும் வைத்தியம் நடக்கிறது, இத்தனை வருடம் உங்களிடமெல்லாம் பொய் சொன்னேன் என்றேன். எல்லோரும் எழுந்து போன பிறகு, முன்பு அண்டா பார்க்க வந்திருந்த அதே தலைவர் மட்டும் நின்றார். கதவைச் சாத்திவிட்டு, "என் மருமகனுக்கும் இதேதான். காலையில எத்தனை மணிக்கு பஸ்?" என்று கேட்டார். இந்தப் பதிவில் நேரமெல்லாம் இவ்வளவு துல்லியமாகப் போட்டிருப்பது அவருக்காக.

அன்று சாயங்காலமே காஜாவைக் கூப்பிட்டுச் சொல்லிட்டேன்டா என்றேன். யார் யார் இருந்தார்கள் என்று கேட்டான், ஒவ்வொருவர் பெயராகச் சொன்னேன். தலைவர் பஸ் கேட்டதைச் சொன்னதும் சிரித்தான். எப்போது வருகிறாய் என்று கேட்டதற்கு, வர்றேண்ணே என்றான், நாள் சொல்லவில்லை. அன்றிலிருந்து மாடி அறையைத் துடைத்து வைத்துக் காத்திருந்தேன்.

நோன்பு பிறக்க ஒரு வாரம் இருக்கும்போது அவன் வந்திருக்கிறான். எங்கள் பள்ளிவாசலில் பாங்கு சொல்லும் மோதினார் மறுநாள் சொல்லித்தான் எனக்குத் தெரியும். ஒரு மணி வாக்கில் வந்து, அம்மாவை அடக்கிய கபர் எது என்று அவரிடம் கேட்டு, பக்கத்தில் வெகுநேரம் உட்கார்ந்து ஓதிவிட்டு, 3.10 பொள்ளாச்சி பஸ்ஸுக்குப் போய்விட்டானாம். அண்ணனைக் கூப்பிடட்டுமா என்று மோதினார் கேட்டிருக்கிறார். வேண்டாம், கடையில் கூட்டமாக இருக்கும் என்று சொன்னானாம். அன்று கடையில் கூட்டமே இல்லை. அந்த நேரம் முழுக்க நான் கல்லாவில் சும்மாதான் உட்கார்ந்திருந்தேன். கடையிலிருந்து கபர்ஸ்தானுக்கு அரை கிலோமீட்டர், நடந்தால் ஆறு நிமிடம்.